சிவநேசனுக்கு வந்த சாமி

சிவநேசனைச் சைக்கிள் ஓட்டச் சொன்னது கிளினிக் டாக்டர். என்னை ஓட்டச் சொன்னது சிவநேசன். டாக்டர் சொன்னதிலாவது ஒரு நியாயம் இருந்தது. அவனுக்கு இனிப்பு நீர், ஏழுக்குள் இருக்கவேண்டிய ரத்தச் சீனி அளவு பதினான்கைத் தாண்டி நின்றது, கால் விரல்கள் மரத்துப்போகத் தொடங்கியிருந்தன. எனக்கு அப்படி ஒரு வியாதியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிவரை போர்த்திக்கொண்டு படுத்திருப்பது வியாதி என்றால் அது மட்டும் இருந்தது.

போர்ட் கிள்ளானில் ஒரு சரக்குக் கிடங்கில் நாங்கள் இருபத்தாறு வருடம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். நான் வருகிற சரக்கையும் போகிற சரக்கையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிற கிராணி. என் பெயர் ஜீவன். கிடங்கில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்க்கமாட்டேன், கிராணி என்றால்தான் திரும்புவேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். லோரிக்காரர்கள் தாமதமாக வந்தால் கத்துவேன், சீக்கிரம் வந்தாலும் கத்துவேன். சிவநேசன் ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்தபடி, "கத்து, நல்லா கத்து. எனக்குச் சீனி, ஒனக்குப் பிரஷர். ரெண்டு பேரும் ஒரே வார்டுல படுத்துக்கலாம்லா" என்பான்.

அவன் யாரிடமும் எதையும் கேட்கமாட்டான். ஒரு தடவை பலகையில் இருந்த ஆணி பூட்ஸைத் துளைத்துக்கொண்டு அவன் பாதத்தில் ஏறிவிட்டது. மதியம் அவன் வண்டியின் பெடலில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரியும். ஏண்டா சொல்லவில்லை என்று திட்டினேன். "சொன்னா நீ வேலைய விட்டுட்டு ஓடி வருவ, அப்பறம் லோரிக்காரன் ஒன்னைத் திட்டுவான்" என்றான். அவ்வளவுதான் அவன். மேருவில் ஒரு அடுக்குமாடி வீடு, மனைவி தாமரை, கல்யாணமாகி ஜொகூரில் இருக்கும் ஒரு மகள். வேறு சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லாத மனிதன், சைக்கிள் வருகிறவரை.

அந்தச் சைக்கிளை அவன் பிரிக்பீல்ட்ஸில் ஒரு ரிப்பேர் கடையில் கண்டுபிடித்தான். யாரோ வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போனதாம். ஆட்டுக்கிடாவின் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில், ரோட்டுக்கும் இல்லாமல் மலைக்கும் இல்லாமல் நடுவாந்திரமாக ஒரு டயர். "இது கிரேவல் சைக்கிள், கிராணி. சரளைக்கல்லு, செம்மண்ணு, காடு எல்லாத்துலயும் போகும்" என்றான். கிள்ளானில் தார் போட்ட ரோடே சரளைக்கல்லாகத்தானே கிடக்கிறது, இதற்கென்று தனியாக ஒரு சைக்கிள் வேறா என்று கேட்டேன். புதுக் கார் வாங்கியவன் மாதிரி இரண்டு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் ஏறினான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மூன்று மாதத்தில் நானும் ஒன்று வாங்கினேன். எலுமிச்சம்பழமும் வைத்தேன். அதைப் பற்றி மேலே கேட்காதீர்கள்.

மேருவில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஒரு கால்வாய் ஓடுகிறது. லோரிகள் இரைகிற ரோட்டிலிருந்து ஒரு நீளமான மதில் சுவரைச் சுற்றினால் போதும், சத்தம் அடங்கிவிடும். கரைமேல் சரளைக்கல் போட்ட பாதை. ஒரு பக்கம் தேநீர் நிறத்தில் தண்ணீர், மறுபக்கம் எண்ணெய்க்காக வளர்க்கிற செம்பனை மரங்கள். கொக்கு நிற்கும். உடும்பு குறுக்கே போகும், அதற்கு அவசரம் என்பதே கிடையாது, நாம்தான் பிரேக் பிடிக்க வேண்டும். மதகுக்குப் பக்கத்தில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கும் மலாய்க்காரப் பெரியவர்களுக்குச் சிவநேசன் சலாம் சொல்லாமல் தாண்டமாட்டான். கால்வாய் முடிகிற இடத்தில் செம்மண் மேடு, அதற்கு அப்பால் ஷா ஆலாம் பக்கத்துக் காட்டுக் குன்றுகள். வேர்களும் ஈர இலைகளும் மூடிய பாதை. நான் பாதி மேட்டில் இறங்கித் தள்ளுவேன். சிவநேசன் தன் சைக்கிளை மேலே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, திரும்பி இறங்கிவந்து என்னுடையதைத் தள்ளுவான். வேண்டாமென்று கத்தினாலும் தள்ளுவான்.

எங்களோடு இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருத்தி தங்கமணி, ஒரு பள்ளிக்கூடத்தில் கேண்டீன் நடத்துகிறவள். மேட்டில் மூச்சு வாங்கும்போதுகூடப் பேச்சை நிறுத்தாதவள். பேச்சு எங்கே தொடங்கினாலும் கல்யாணமாகி ஆறு வருடமாகியும் குழந்தை இல்லாத மகளிடம்தான் போய் முடியும். இன்னொருவன் ரபீக், கிள்ளானில் அண்ணன்களோடு சாப்பாட்டுக் கடை நடத்துகிறான். நாற்பது வயது. எங்கள் மூவரையும்விட நன்றாக ஓட்டுவான், ஆனால் எங்களுக்காக மெதுவாகவே வருவான்.

குன்றின் மறுபக்கம் இறங்கினால் இன்னொரு சிறிய கால்வாய். அதன் கரையில், மேலே இரண்டு தகரம் போட்ட ஒரு முனியாண்டி. யார் வைத்தது என்று தெரியாது. ஒவ்வொரு ஞாயிறும் அங்கே நிற்பது எங்கள் வழக்கம். தங்கமணி பையிலிருந்து வெற்றிலை, ஒரு சீப்பு வாழைப்பழம், கற்பூரம் எல்லாம் வெளியே வரும். கும்பிட்டு முடித்து அந்தப் பழத்தைத்தான் எல்லாரும் உரித்துத் தின்போம். ரபீக் இருபது எட்டுத் தள்ளி, கால்வாய்ப் பக்கம் பார்த்தபடி சைக்கிள்களுக்குக் காவலாக நிற்பான். நாங்கள் கும்பிடும்போது குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டான், போன்கூட எடுக்கமாட்டான். நாலு வருடமாக அப்படித்தான். அந்த மரியாதையை நான் கிடங்கில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

சைக்கிள் வேலை செய்தது. இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். சிவநேசனின் வயிறு உள்ளே போயிற்று, கால் மரத்துப்போவது நின்றது. பதினான்காக இருந்த அளவு பத்தாகி, எட்டாகி, ஒரு நாள் ஆறு என்று காட்டியது. அந்தச் சீட்டை அவன் கிடங்கு முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினான். நேபாளக் காவலாளிக்குக்கூடக் காட்டினான். முருகன்தான் இறக்கிவிட்டான் என்று சொல்லி, தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டான். நாற்பத்தெட்டு நாள் விரதம். பகலெல்லாம் பச்சைத் தண்ணீர் மட்டும், பொழுது சாய்ந்து விளக்கேற்றிய பிறகு ஒரு வேளைச் சாப்பாடு.

மாத்திரையை மட்டும் அவன் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். சாப்பாட்டோடு சேர்த்துக் காலையில் போடவேண்டிய மாத்திரை அது. "மாத்திரை என்ன சோறா? சோறு சாப்ட்டாத்தான் வெரதம் முறியும். மருந்துக்கு எந்தச் சாமியும் கோவிச்சுக்காது" என்றான். தாமரையும் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். மருந்தை விடாமல் போடுகிறானே, எவ்வளவு பொறுப்பு என்றுதான் எனக்குத் தோன்றியது. அளவு குறைந்த பிறகு மாத்திரையையும் குறைக்க வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஜனவரியில் ரத்தம் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். ஷிப்ட் மாறிவிட்டதால், பூசம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டான். வேலை நேரத்தில் இரண்டு மூன்று தடவை அவன் கை நடுங்கியதைப் பார்த்தேன். கேட்டதற்கு, "வெரதம் வேல செய்யுது கிராணி" என்று சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பூசத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. அதற்கு முந்தைய ஞாயிறுகளில் மழை பிடித்துக்கொண்டதால் கால்வாய்க் கரையோடு திரும்பியிருந்தோம். அன்றைக்குத்தான் வானம் வெளுத்திருந்தது. மலையேறிவிட்டு வரலாம் என்று சொன்னது நான். சிவநேசன் மஞ்சள் சட்டையும் கழுத்தில் துளசிமாலையுமாக வந்தான். வாசலில் நின்று தாமரை அவன் உள்ளங்கையில் மாத்திரையை வைத்து, தண்ணீர் கொடுத்து அனுப்பியதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

கால்வாயில் நன்றாகத்தான் ஓட்டினான். தூண்டில்காரர்களுக்குச் சலாம் சொன்னான். குன்றில் ஏறும்போது முதல்முறையாக அவனும் இறங்கித் தள்ளினான். சட்டை முழுக்க வேர்வை. தங்கமணி அவனைக் கிண்டல் செய்தாள். "என்னண்ணே, இன்னைக்கு ஒங்களுக்கே முடியலியா?" என்றாள். அவன் அவளைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். இருபத்தாறு வருடத்தில் அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. விரதத்தில் இருப்பவனுக்குக் கோபம் வருவது சகஜம், விடு என்று நான் அவளைச் சமாதானப்படுத்தினேன்.

முனியாண்டியிடம் வந்து சேர்ந்தபோது மணி ஒன்பது. சைக்கிளை நிறுத்தாமல் அப்படியே கீழே போட்டுவிட்டு வந்து நின்றான் சிவநேசன். தங்கமணி வெற்றிலை மேல் பழத்தை வைத்தாள். நான் கற்பூரத்தை ஏற்றினேன். அவ்வளவுதான், அவன் உடம்பு ஆட ஆரம்பித்தது. முதலில் கை, பிறகு தோள். கண் மேலே சொருகியது. பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் போட்டான். பிறகு என்னைத் தெரியாதவன் மாதிரி பார்த்தான்.

"சாமி! சாமி வந்துருச்சு!" என்று தங்கமணி கையெடுத்துக் கும்பிட்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நாற்பது நாள் விரதம், துளசிமாலை, எரிகிற கற்பூரம், எதிரே முனியாண்டி. வேறு எதை நினைக்க முடியும்? நீங்கள் எங்களில் ஒருவராக இருந்தால் நீங்களும் அதைத்தான் நினைத்திருப்பீர்கள். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அவன் காலில் விழுந்தேன். தங்கமணி அவன் நெற்றி நிறையத் திருநீறு பூசி, மகளுக்குக் குழந்தை பிறக்குமா என்று அழுதுகொண்டே கேட்டாள். அவன் குழறினான். "வரும், வரும்" என்று இரண்டு தடவை சொன்ன மாதிரி இருந்தது. நானும் கேட்டேன். என் மகன் பேச்சில்லாமல் பிரிந்துபோய் மூன்று வருடம். அவன் திரும்பி வருவானா என்று கேட்டேன். அதற்கும் அவன் குழறினான், ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

பின்னால் ரபீக்கின் குரல் கேட்டது. "கிராணி அண்ணே, சிவா அண்ணனுக்கு ஒடம்பு சரியில்லாத மாதிரி தெரியுது."

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குறுக்கே பேசாதே என்று கையை மட்டும் உயர்த்திக் காட்டினேன். அவன் நிறுத்திக்கொண்டான். நாலு வருடமாகக் காத்த மரியாதையை அன்றைக்கும் காத்தான்.

அப்போதுதான் சிவநேசன் குனிந்தான். தள்ளாடியபடி வெற்றிலையில் இருந்த வாழைப்பழத்தை நோக்கிக் கையை நீட்டினான். விரல்கள் விரிந்து நடுங்கின. யாரிடமும் எதையும் கேட்காதவன் கையை நீட்டினான். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சாமி பழத்தைத் தின்றுவிட்டுப் போய்விடும், ஆனால் வாய் சிவநேசனுடையது. நாற்பது நாளாகக் காத்த விரதம் இன்றைக்கு முறிந்துவிடும், பூசத்துக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது, தெளிந்த பிறகு அவன் மனசு உடைந்துபோவான். அவனுடைய விரதத்தை நான்தான் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியது.

இரண்டு கைகளாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேணாம் சாமி. இது வெரதக்காரன் ஒடம்பு. பழம் வேணாம் சாமி" என்றேன். அவன் இழுத்தான். நான் விடவில்லை. மறுபடியும் இழுத்தான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி உரமேறிய கை, ஆனால் அன்றைக்கு அதில் பலமே இல்லை. கற்பூரம் அணைந்து, தங்கமணி ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றி, பையிலிருந்த கட்டியெல்லாம் தீர்கிறவரை அந்தக் கை என் பிடியில்தான் இருந்தது. பிறகு இழுப்பதை அவன் நிறுத்திவிட்டான்.

அப்படியே மடிந்து விழுந்தான். கால் உதைத்துக்கொண்டது, வாயோரம் நுரை வந்தது. ரபீக் செருப்போடு சாமிக்கு முன்னாலேயே ஓடிவந்தான். கையில் அவனுடைய சிரப் தண்ணீர் பாட்டில், சீனிப்பாகு கலந்த ரோஸ் தண்ணீர். "அண்ணே, இது சாமி இல்லண்ணே! சீனி எறங்கிருச்சு. எங்கம்மாவுக்கு இப்படித்தான் வரும்!" என்று கத்தினான். அவன் கத்தி நான் கேட்டது அதுதான் முதல்முறை. பாட்டிலை சிவநேசனின் வாயில் வைத்தான். சிவப்புத் தண்ணீர் உள்ளே போகவில்லை, உதட்டோரமாக வழிந்து மஞ்சள் சட்டையில் ஊறியது. விழுங்குகிற நேரம் தாண்டிவிட்டது.

அங்கே எங்கள் மூன்று பேர் பையிலும் இனிப்பு இருந்தது. ரபீக்கின் சிரப், தங்கமணியின் பேரீச்சம்பழம், மேட்டில் தெம்புக்காக என்று நான் வாங்கிவைத்த குளுக்கோஸ் பொட்டலம், வெற்றிலை மேல் ஒரு சீப்பு வாழைப்பழம். இவ்வளவுக்கும் நடுவில் ஒருவன் ஒரு வாய் சீனி இல்லாமல் கிடந்தான்.

போனில் சிக்னல் ஒரு கோடு வந்து வந்து போயிற்று. ஆம்புலன்ஸ்காரர்கள் கிடைத்ததும் எந்த ரோடு என்று கேட்டார்கள். ரோடு இல்லை, கால்வாய்க் கரை என்றேன். எந்தக் கால்வாய் என்று கேட்டார்கள். அதற்குப் பெயர் இருக்கிறதா என்று நாலு வருடத்தில் ஒருநாளும் நான் யோசித்ததில்லை. மதகு, செம்மண் மேடு, முனியாண்டி என்று என்னென்னவோ உளறினேன். கடைசியில் தங்கமணி இடத்தைப் போன் மேப்பில் குறித்து அனுப்பினாள். ஆம்புலன்ஸ் வந்தது, ஆனால் செம்பனைத் தோட்டத்து வாசலில் குப்பை லோரி நுழையாமலிருக்கப் போட்டிருந்த சிமெண்ட் கட்டைகளுக்கு வெளியேதான் நிற்க முடிந்தது. அங்கிருந்து எங்களிடம் ஐந்து கிலோமீட்டர். ரபீக் சைக்கிளில் பறந்துபோய், குலை ஏற்றுகிற ஒரு டிராக்டரையும் அதை ஓட்டுகிற வங்காளதேசத் தொழிலாளியையும் கூட்டிக்கொண்டு வந்தான். செம்பனைக் குலைகளைக் கீழே தள்ளிவிட்டு, டிராக்டருக்குப் பின்னால் இருந்த முள் குத்துகிற தகரப் பெட்டியில் சிவநேசனைக் கிடத்தினோம். அவன் தலை என் மடியில். குலுங்குகிற ஒவ்வொரு குழியிலும் நான் டிரைவரைப் பார்த்துக் கத்தினேன். அந்த மனிதனுக்கு என் பாஷை புரியவில்லை, ஆனால் அழுகை புரிந்திருக்கும். கத்துவதைத் தவிர என்னால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. சைக்கிளில் காற்று மாதிரி கடந்துபோகிற பாதை, டிராக்டரில் முடிவே இல்லாமல் நீண்டது.

ஆம்புலன்ஸில் அளந்து பார்த்தபோது சீனி ஒன்று புள்ளி ஒன்று காட்டியது, நாலுக்குக் கீழே போகக்கூடாதாம். ஆஸ்பத்திரியில் ஒரு இளம் மலாய் டாக்டர், அவன் எவ்வளவு நேரம் அப்படி இருந்தான் என்று மூன்று தடவை கேட்டாள். பத்து நிமிடம் என்றேன். ஆட ஆரம்பித்ததிலிருந்து விழுகிறவரை அரைமணி நேரத்துக்குக் குறையாது. பிறகு டிராக்டர், சிமெண்ட் கட்டை எல்லாமாகச் சேர்ந்து இரண்டு மணி நேரம். ஆனாலும் பத்து நிமிடம் என்றுதான் சொன்னேன். ரபீக் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பூசத்தன்று சிவநேசன் மூச்சுக்குழாயோடு படுத்திருந்தான். பதினோராவது நாள் கண் திறந்தான். வெளியே ஓடிவந்து எல்லாரிடமும் சொன்னேன், கண் திறந்துவிட்டான், கண் திறந்துவிட்டான் என்று. கண் மட்டும்தான் திறந்திருக்கிறது என்பது புரிய இன்னும் ஒரு மாதம் ஆயிற்று. மூளைக்குச் சீனி போகாமல் கெட்டுவிட்டது, இனிமேல் பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள் என்று டாக்டர் தாமரையிடம் சொன்னாள். மொழிபெயர்த்துச் சொன்னது நான். 'பெரிதாக' என்பதை மட்டும் விழுங்கிவிட்டு, 'இப்போதைக்கு' என்று ஒரு சொல்லைச் சேர்த்துச் சொன்னேன்.

இப்போது அவன் வீட்டில் இருக்கிறான். ஊட்டினால் விழுங்குகிறான். கையைப் பிடித்து நடத்தினால் ஹாலிலிருந்து குளியலறைவரை நடக்கிறான். பேச்சு இல்லை. சில நாள் தாமரையைப் பார்த்துச் சிரிக்கிறான், சில நாள் கூரையில் சுற்றுகிற காற்றாடியைப் பார்த்துச் சிரிக்கிறான். ரபீக் மாதம் ஒருமுறை கடையிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து, வாசலோடு கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான். உள்ளே வாடா என்றால் வருவதில்லை. ஒரு நாள் படியில் வைத்து அவனே சொன்னான். "நான் இன்னொரு தடவ கூப்ட்டுருக்கணும்ணே. ஒங்க சாமி விஷயத்துல நான் எப்படிண்ணே…" தப்பு உன்னுடையது இல்லை, கையை உயர்த்தியது நான் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

தங்கமணி மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறாள். அவள் மகள் உண்டாகியிருக்கிறாள். தட்டில் பழமும் பூவும் வைத்துக்கொண்டு வந்து, நாற்காலியில் சாய்ந்திருக்கும் சிவநேசனின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். போன வெள்ளிக்கிழமை மதியம் நானும் அங்கே இருந்தேன். அவள், "ஏழாம் மாசம் வளைகாப்பு சாமி, நீங்கதான் நடத்திக் குடுக்கணும்" என்று அவனிடம் சொன்னபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"அறிவிருக்கா ஒனக்கு? அது சாமியா? ஒடம்பு முடியாம கெடக்குற மனுஷன்கிட்ட வந்து என்ன கூத்து இது?" என்று கத்தினேன்.

தங்கமணி முகம் சுண்டி, தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். தாமரை சிவநேசனின் வாயைத் துடைத்துவிட்டு, எனக்கு முன்னால் தரையில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். கத்தாம சொல்லுங்க" என்றாள். "மாத்திரையாலதான் இப்படி ஆச்சுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. வெறும் வயித்துல போடவே கூடாதாம். அன்னைக்கு அத அவரு கையில வச்சது நானு. தெனமும் வச்சது நானு. எனக்குக் கண்ண மூடுனா அந்தக் கைதான் தெரியுது. சோறு எறங்க மாட்டேங்குது."

நான் தங்கமணி வைத்துவிட்டுப் போன பழத்தட்டைப் பார்த்தேன்.

"தங்கமணி அக்கா சாமிதான் வந்துச்சுன்னு சத்தியம் பண்றாங்க. நீங்கதான் அவரு பக்கத்துலயே இருந்தீங்க, அவரு கையப் புடிச்சுக்கிட்டு இருந்தீங்கன்னு சொன்னாங்க. நீங்க சொன்னா நான் நம்புவேன். அன்னைக்கு வந்தது சாமிதானே அண்ணே?"

அவளுக்கு விடுதலை கொடுக்க என்னிடம் இரண்டு பதில் இருந்தது. ஒன்று உண்மை. மாத்திரை கொடுத்தது நீதான், ஆனால் அவன் தேறியிருப்பான், பழத்துக்குக் கை நீட்டினான், அந்தக் கையைப் பிடித்து நிறுத்தியது நான் என்ற உண்மை. அதைச் சொன்னால் அவள் நெஞ்சில் இருக்கும் பாரம் முழுக்க என் தலைக்கு வந்துவிடும். பிறகு இந்த வீட்டுக்குள் நான் கால் வைக்க முடியாது, அவன் முகத்தைப் பார்க்க முடியாது. நான் கோழை. கத்துகிறவர்களில் பாதிப்பேர் கோழைகள்தான்.

"சாமிதாம்மா" என்றேன்.

தாமரை முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நெடுநேரம் அழுதாள். அழுது முடித்து நிமிர்ந்தபோது அவள் முகத்தில் பல மாதமாக நான் பார்க்காத ஒரு தெளிவு இருந்தது.

"அப்படின்னா அது இன்னும் மலையேறல. அவ்வளவுதானே அண்ணே? மலையேறிருச்சுன்னா எங்க வீட்டுக்காரரு திரும்பி வந்துருவாரு."

நான் தலையை ஆட்டினேன். அவள் எழுந்து உள்ளே போனாள். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது, பிறகு அயர்ன் பெட்டி சூடாகிற வாடை வந்தது. சிவநேசனின் கிடங்கு யூனிஃபார்மை மடிப்புக் கலையாமல் தேய்த்து, ஒரு ஹேங்கரில் போட்டு, நாளைக் காலை ஷிப்டுக்குப் போகிறவனுக்கு மாட்டுவதுபோல வாசற்கதவுக்குப் பின்னால் மாட்டிவைத்தாள்.